அக்காவைக் கேளுங்கள்: எண்பது வெள்ளிக்கு எவ்வளவு வேலை?

பதில் சொல்பவர், மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 22 ஆண்டுகளாக வீடு சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர்.

அக்கா, நானும் கணவரும் ஈப்போவில் வேலை செய்கிறோம். வாரம் ஒரு நாள் வீட்டைச் சுத்தம் செய்ய லிந்தாங் சாலைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். நான்கு மணி நேரம், 80 வெள்ளி (ரிங்கிட்). கூட்டித் துடைப்பது, இரண்டு குளியலறை, இவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது வாரம் காத்தாடி (மின்விசிறி), ஜன்னல், ஐஸ்பெட்டி மட்டும்தான் கூடுதலாகச் சொன்னேன். அதோடு வருவதை நிறுத்திவிட்டார், போனையும் எடுப்பதில்லை. நல்ல ஆள் ஏன் நிலைப்பதில்லை?
*வாசகி, சுங்கை சிப்புட்*

"மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. அந்த மூன்று வேலையையும் என்னோடு சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள்.

ஒரு காத்தாடி. கட்டில் மேல் பழைய துணி விரிக்க வேண்டும், ஏணி வைத்து ஏற வேண்டும். பழைய தலையணை உறையை றெக்கையில் மாட்டி மெதுவாக உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். பிறகு ஈரத்துணி, அதன்பின் காய்ந்த துணி. குசினிக் காத்தாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வெந்நீரில் பாத்திர சோப்பு கரைத்து இரண்டு தடவை துடைத்தால்தான் விடும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுக்கு 20 நிமிடம். நான்கு காத்தாடிக்கு 80 நிமிடம் போய்விட்டது. கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல் என்றால் கண்ணாடி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும், ஓரம் விரலை அறுக்கும். ஒரு சட்டத்துக்கு 15 நிமிடம் என்றாலும் ஆறு சட்டத்துக்கு 90 நிமிடம். ஐஸ்பெட்டியைக் காலி செய்து, தட்டுகளைக் கழுவி, திரும்ப அடுக்க 45. மொத்தம் 215 நிமிடம். நான்கு மணி நேரத்தில் மிச்சம் 25 நிமிடம். அதற்குள் தரையும் இரண்டு குளியலறையும் எப்படி முடியும்? அந்த அம்மா சொல்லிக்கொள்ளாமல் நின்றது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லிப் பழகாதவர்கள் நாங்கள். ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் வளர்ந்தோம்.

அடுத்த ஆள் வரும்போது முதல் நாள் அவரோடு வீட்டைச் சுற்றி நடங்கள். வாரா வாரம் செய்வது எது, மாதம் ஒருமுறை செய்வது எது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். தீபாவளிக்கு முன்னால் செய்யும் பெரிய வேலைக்கு நாளும் தனி, சம்பளமும் தனி. ஒரு வாரம் அவர் வர வேண்டாம் என்றால் அதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக அவர் இன்னொரு வீட்டை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

ஏணியில் ஏறும் வேலை என்றால் கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2009-இல் ஒரு வீட்டில் முக்காலி மேல் முக்காலி வைத்து ஏறச் சொன்னார்கள், ஏறினேன். விழுந்து மணிக்கட்டு உடைந்தது. 50 வெள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வேலை இல்லை. மழை பெய்தால் அந்தக் கை இன்றைக்கும் வலிக்கிறது. அப்போது எங்களுக்குச் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம், கிடையாது. 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளரை முதலாளிதான் சொக்சோவில் பதிய வேண்டும். வீடு வீடாகப் போகிறவர்கள் சுயதொழில் திட்டத்தில் தாங்களே கட்டலாம். உங்கள் வீட்டுக்கு வருபவர் கட்டுகிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் முதல் சந்தாவில் பாதியாவது நீங்கள் போடுங்கள்.

பக்கத்து வீட்டில் இந்தோனேசியப் பணிப்பெண் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறோம், 40 வெள்ளி போதும் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?
*வாசகர், கோல கங்சார்*

வேண்டாம் ஐயா. அவருடைய வேலை பெர்மிட் ஒரே முதலாளி பெயரில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அது செல்லாது. இரவல் கொடுக்க அவர் ஒன்றும் தளவாடம் அல்ல. பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. அந்த 40 வெள்ளி யார் கைக்குப் போகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் படுத்துத் தூங்கட்டும்.

எங்களுக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர். குளியலறைத் தரையில் காவிக் கறை. குளோரோக்ஸ் ப்ளீச் ஊற்றினேன், கறை இன்னும் அழுத்தமானது. அதன் மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். மூச்சு அடைத்து, கண் எரிந்து, வெளியே ஓடிவந்தேன். என்ன நடந்தது?
*வாசகி, சுங்கை சிப்புட்*

அம்மா, ஓடிவந்ததால் பிழைத்தீர்கள். குளோரோக்ஸும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைத் தாக்கும் விஷம் அது. இனி எப்போதாவது அப்படி ஆனால் எதையும் கழுவ நிற்காதீர்கள். வெளியே வந்து கதவைத் திறந்துவிடுங்கள், நெடி அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். இருமல் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே கிளினிக் போங்கள்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். அந்தப் பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா விடுவார்கள். ஸ்டோரில் அதே பாலை உறையவைக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஒன்று இந்த மூலை, மற்றது அந்த மூலை. இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்தால் கங்காணி சத்தம் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எந்தப் போத்தல் எது என்று தெரியும். நம் வீட்டில் எல்லாம் ஒரே வாளியில் கிடக்கிறது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் குளோரோக்ஸோடு சேர்க்கக் கூடாது, அதிலும் விஷப்புகை வரும்.

கறைக்கு வருகிறேன். அது தண்ணீரில் உள்ள இரும்பு. குளோரோக்ஸ் இரும்பைத் துருவாக்கி இன்னும் பிடிக்க வைக்கும். தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள். குளோரோக்ஸ் மிச்சம் இருந்தால் எலுமிச்சையும் ஆகாது. எலுமிச்சைச் சாறில் டிஷ்யூவை நனைத்துக் கறை மேல் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும். மார்பிளில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்பு அதை அரித்துவிடும்.

தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ போய்வந்தோம். மகனின் வெள்ளை வேட்டியில் மஞ்சள் தண்ணீர். சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது. கெட்டுப்போனதா அக்கா?
*வாசகி, ஈப்போ*

கெடவில்லை. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அலசினால் பழையபடி மஞ்சளாகும். அலசிவிட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. கறை உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும், காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும்.