துப்பாக்கி ஆலைகளும் மாநிலச் சட்டங்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: க்ளாக் நிறுவனம் நான்காம், ஐந்தாம் தலைமுறை பிஸ்டல்களைக் கொண்டுவந்த பிறகும், கலிபோர்னியாக் கடைகளில் ஆண்டுக்கணக்கில் மூன்றாம் தலைமுறையே விற்பனையானது ஏன்?

பதில்: பழையதை விற்கத் தடை இல்லை, புதியதை விற்க அனுமதி இல்லை. 1999-இல் இயற்றி 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மாநில நீதித்துறையின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியை டீலர் பொதுமக்களுக்கு விற்க முடியாது. அதற்குப் பிறகு நிபந்தனைகள் படிப்படியாக ஏறின. வழக்கமான தோட்டா போடும் புதிய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு 2006 முதல் இரண்டில் ஒன்று வேண்டும்: சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் அறை) தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம், அல்லது மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றிவிட்டால் சுட முடியாதபடி தடுக்கும் பூட்டு. 2007 முதல் இரண்டுமே வேண்டும். 2013 மே 17 முதல் மைக்ரோஸ்டாம்பிங்கும் சேர்ந்தது. துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகியவற்றைக் காட்டும் நுண்ணெழுத்துகள், சுடும்போது தோட்டாவின் வெற்றுக்கூட்டில் பதிய வேண்டும் என்பதே அது.

பட்டியலில் முன்பே இருந்த மாடல்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. மாடல் ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 டாலர் கட்டினால் போதும், துப்பாக்கியிலும் கைவைக்கக் கூடாது. கைப்பிடியின் பொருளோ வடிவமோ, மேற்பூச்சோ மாறலாம். குழல், சேம்பர், சுடும் பொறிமுறை ஆகியவற்றின் அளவிலோ பொருளிலோ இயக்கத்திலோ ஒன்று மாறினாலும் அது புதிய மாடலாகிவிடும். இன்றைய நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றியாக வேண்டும். மூன்றாம் தலைமுறை க்ளாக் இந்த நிபந்தனைகளுக்கு முந்தையது. அதனால் பிற மாநிலங்களில் பழசாகிவிட்ட ஒரு மாடலை கலிபோர்னியாவுக்காக ஆலை விடாமல் தயாரித்துவந்தது.

பாதுகாப்பான துப்பாக்கி வேண்டும் என்று எழுதிய சட்டம், துப்பாக்கியைத் திருத்தாமல் வைத்திருப்பவருக்கே சாதகமாக முடிந்ததுதான் இதில் வேடிக்கை.

கேள்வி: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2014-இல் கலிபோர்னியாவிலிருந்து விலகியது என்று படித்தேன். 200 டாலர் கட்ட மனமில்லையா?

பதில்: பணம் காரணமில்லை, விலகலும் முழுமையானதில்லை. அந்த நிறுவனம் தன் எம் அண்ட் பி பிஸ்டல் வரிசையில் தொடர்ந்து சிறு சிறு திருத்தங்கள் செய்துவந்தது. ஆலைகளில் இது சாதாரணம்: ஒரு ஸ்பிரிங் பலவீனமானது என்று புகார் வந்தால் அடுத்த தொகுதியில் அதை மாற்றிவிடுவார்கள். கலிபோர்னியாவில் அப்படி மாற்றியதும் மாடல் பட்டியலிலிருந்து விழும். திரும்ப ஏற அப்போது மைக்ரோஸ்டாம்பிங் வேண்டியிருந்தது. அதைச் செய்ய மாட்டோம் என்று 2014 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. ரூகர் என்ற மற்றொரு துப்பாக்கி நிறுவனமும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. அதாவது, பட்டியலுக்காகத் திருத்தத்தை நிறுத்துவதைவிட அந்த ஒரு மாநிலத்தில் சில மாடல்களை இழப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. ரிவால்வர்களுக்கு சேம்பர் அடையாளம், மைக்ரோஸ்டாம்பிங் ஆகிய நிபந்தனைகள் கிடையாது என்பதால் அவற்றின் வரத்து நிற்கவில்லை.

மைக்ரோஸ்டாம்பிங்கை ஆலைகள் எதிர்த்ததற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. எழுத்துகளை லேசரால் செதுக்கும் இடம் ஃபயரிங் பின்னின் (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) நுனி. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடிவாங்கும் இடமும் அதுவே, எனவே பதிவு தேய்ந்து மங்கும் என்பது ஒன்று. ஃபயரிங் பின் எளிதில் மாற்றக்கூடிய பாகம் என்பது மற்றொன்று. முதல் காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இரண்டாவது, எந்த அடையாள முறைக்கும் எதிராகச் சொல்லக்கூடிய வாதம். வண்டியின் எண் பலகையையும் கழற்ற முடியும்தான்.

துப்பாக்கித் தொழில் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப் வழக்குப் போட்டது. நிறைவேற்ற முடியாதது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சட்டத்தை ரத்து செய்ய முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி கார்மாக் கார்னி மூன்று நிபந்தனைகளுக்கும் இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் மற்ற இரண்டு நிபந்தனைகளுக்கான தடையை மட்டும் நிறுத்திவைத்தார்கள். மைக்ரோஸ்டாம்பிங் மீதான தடை நீடித்தது. அந்த ஒரு நிபந்தனை விலகியதுதான் தாமதம், அடையாளமும் மேகசின் பூட்டும் சேர்த்த கலிபோர்னியா பதிப்புகளோடு பல நிறுவனங்கள் வந்துவிட்டன. கூடுதல் பாகம் கேட்டால் ஆலை அதைச் செய்துவிடும், அதற்கு ஒரு தனி பாக எண் போதும். உற்பத்தி வரிசையையே உறையவைக்கும் நிபந்தனைதான் அதற்கு ஒத்துவராது.

கேள்வி: பட்டியலில் ஏறுவதற்கு என்ன சோதனை?

பதில்: ஆலையின் செலவில், மாநிலம் அங்கீகரித்த தனி ஆய்வகத்தில், ஒவ்வொரு மாடலிலும் மூன்று துப்பாக்கிகளுக்கு நடக்கும். ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுட வேண்டும். முதல் 20-இல் ஒருமுறைகூடத் தடங்கல் வரக் கூடாது. மொத்தத்தில் 6 தடங்கலுக்கு மேல் ஆகாது. சுடுபவருக்கு ஆபத்தைக் கூட்டும் விரிசலோ உடைப்போ இயங்கும் பாகங்களில் இருக்கக் கூடாது. தோட்டாவின் குறையால் வரும் தடங்கல் கணக்கில் சேராது. 50 தோட்டாவுக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் ஆறவிடுவார்கள். 100-க்கு ஒருமுறை திருகுகளை இறுக்கிச் சுத்தம் செய்வார்கள். விழுதல் சோதனையில் 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு நிலைகளில் போடுவார்கள்: சுடும் நிலையில், தலைகீழாக, கைப்பிடி மேல், குழல் முனை மேல், பக்கவாட்டில், பின்முனை அல்லது சுத்தியல் மேல். உள்ளே குண்டு இல்லாத, பிரைமர் (அடிபட்டதும் பற்றும் சிறு வெடிமூடி) மட்டும் உள்ள கூடு இருக்கும். ஒரு பிரைமர் வெடித்தாலும் தோல்வி.

மலிவான வார்ப்பு உலோகத்தில் செய்த சிறு பிஸ்டல்களைக் கழிப்பதே இந்தச் சோதனையின் நோக்கம். பெரிய ஆலைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: சேம்பர் அடையாளம், மேகசின் பூட்டு ஆகிய இரண்டு பாதுகாப்புப் பாகங்களால் துப்பாக்கி கெட்டுப்போகிறது என்று சுடுபவர்கள் குறைசொல்வது சரியா?

பதில்: மேகசின் பூட்டைப் பொறுத்தவரை பாதி சரி. பழைய பிரவுனிங் ஹை பவரில் டிரிகரோடு இணைந்த ஒரு சிறு முளை மேகசினின் முன்பக்கத்தில் உராயும். இழுக்கும்போது சொரசொரப்பு கையில் தெரியும். பலர் அதைக் கழற்றிவிட்டார்கள், இது ஆபத்தான பழக்கம். புதிய வடிவங்களில் மேகசின் உள்ளே போனதும் ஒரு நெம்புகோல் உயர்ந்து டிரிகர் இணைப்பைச் சேர்த்துவிடும், உராய்வு மிகக் குறைவு.

அடையாளத்தின் சிக்கல் வேறு. கையேட்டைப் படிக்காத ஒருவருக்கும் தோட்டா இருக்கிறது என்று புரிய வேண்டும், விளக்க எழுத்தோ படமோ இருக்க வேண்டும் என்கிறது கலிபோர்னியா. எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) சற்று வெளியே துருத்தும் க்ளாக் முறை அதற்குப் போதாது. ரூகர் 2007-இல் கொண்டுவந்த எஸ்.ஆர்.9 மாடலில் மேற்புறம் எழும்பும் சிவப்புப் பட்டையை நினைத்துப் பாருங்கள்: அழகில்லை, ஆனால் யாருக்கும் புரியும். அதிலும் புகைக்கரி அடைந்து பட்டை மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். அடையாளம் தெரியவில்லை என்பதால் காலி என்று ஒருபோதும் எண்ணக் கூடாது; ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்து சேம்பரைக் கண்ணால் பார்ப்பதே முறை.

கேள்வி: மாசசூசெட்ஸில் அங்கீகாரப் பட்டியலில் க்ளாக் மாடல்கள் உண்டு, ஆனால் கடையில் கிடையாது. ஏன்?

பதில்: அங்கே இரண்டு வாசல். 1998 சட்டத்தின் பட்டியல் ஒன்று. நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரத்தில் அட்டர்னி ஜெனரல் போட்ட விதிகள் மற்றொன்று. க்ளாக்கின் எக்ஸ்ட்ராக்டர் அடையாளம் இரண்டாவதைத் தாண்டவில்லை. நுகர்வோரும் டீலர்களும் போட்ட வழக்கை 2016-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் சூட்டர். ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதிக்கு இழுக்க 10 பவுண்டு அழுத்தம் வேண்டும் டிரிகர் ஒரு வழி. சில ஆலைகள் மாசசூசெட்ஸுக்கென அப்படிப் பதிப்புகள் செய்தன. 5, 6 பவுண்டில் பழகியவர் அதை இழுத்தால் குழல் முனை ஒருபக்கம் சாயும்.

கேள்வி: ஆலைகள் மாநிலத்தைவிட்டே போவது மிரட்டலா, நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் சட்டத்தால் மட்டும் அல்ல. மேரிலாந்தின் 2013 துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு பெரெட்டா நிறுவனம் அங்கே அக்கோகீக்கிலிருந்த உற்பத்தியை டென்னசியின் கலாட்டினுக்கு மாற்றுவதாக 2014-இல் அறிவித்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தலைமையகத்தை டென்னசியின் மேரிவில்லுக்கு மாற்றுவதாக 2021-இல் சொன்னது. புதிய மாநிலம் தரும் வரிச்சலுகையும் குறைந்த செலவும் அறிவிப்பின் முதல் பத்தியில் பொதுவாக இடம்பெறாது.

கேள்வி: கலிபோர்னியாவின் 2025 சட்டத்துக்கு க்ளாக் எப்படிப் பதில் சொன்னது?

பதில்: சட்டவிரோத இணைப்பு ஒன்றால் இயந்திரத் துப்பாக்கியாக எளிதில் மாற்றக்கூடிய, சிலுவை வடிவ டிரிகர் பார் (டிரிகரைச் சுடும் பொறிமுறையோடு இணைக்கும் பட்டை) கொண்ட பிஸ்டல்களை டீலர்கள் விற்பதை 2026 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் தடுக்கிறது. அதற்கு முன்பே, 2024-இல், சிகாகோ நகரமும் நியூ ஜெர்சி, மினசோட்டா மாநிலங்களும் இதே காரணத்துக்காக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தன. 2025 அக்டோபரில் பல மாடல்களை நிறுத்தி, 'வி' வரிசையைக் கொண்டுவருவதாக க்ளாக் அறிவித்தது. பட்டியல் விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் அசையாத நிறுவனம் இங்கே வடிவமைப்பையே மாற்றியதற்குக் காரணம், நெருக்கடி ஒரே மாநிலத்தோடு நிற்கவில்லை என்பதே என்று தோன்றுகிறது.

கேள்வி: கலிபோர்னியாவுக்குக் குடிபோகும் ஒருவர் பட்டியலில் இல்லாத தன் பிஸ்டலைக் கொண்டுபோகலாமா?

பதில்: கொண்டுபோகலாம். பட்டியல் கட்டுப்படுத்துவது டீலரின் விற்பனையை. வந்த 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்கு உடைமை அறிக்கை தர வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை எல்லைக்குள் எடுத்துவரக் கூடாது. தாக்குதல் ஆயுதம் என்று மாநிலம் வரையறுத்த அம்சங்கள், உதாரணமாக பிஸ்டலில் மரையிட்ட குழல், இருந்தால் அதுவும் ஆகாது. பின்னாளில் விற்பதானால் டீலர் மூலமாகத் தனிநபருக்கு விற்கலாம். கடையில் புதிதாகக் கிடைக்காத மாடல் என்பதால் விலை சாதாரணமாக அதிகம் போகும்.