கோடு தெரியவில்லை என்றால் உடலில் நஞ்சு என்று பொருளா?

கேள்வி: எனக்கு வயது 51. ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் வீட்டில் கணவரும் நானும் இருக்கிறோம். மழை தொடங்கினால் சுவர் முழுவதும் ஓதம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது. ஒன்றரை ஆண்டாக ஓயாத அசதி, மறதி, உள்ளங்காலில் மதமதப்பு. குளிர் மாதங்களில் அறைக்குள் கணப்புச் சட்டி வைத்துத் தூங்குவோம். காலையில் எழும்போதே தலை கனத்து வலிக்கிறது. சேலத்தில் மகள் வீட்டுக்குப் போனால் அன்றைக்கே தலை தெளிந்துவிடுகிறது. 7 ஆண்டாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இணையத்தில் ஒரு பார்வைப் பரிசோதனையைப் பார்த்து அனுப்பினான். சாம்பல் நிறக் கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொல்ல வேண்டும். இரவில் படுத்தபடியே கைப்பேசியில் செய்தேன். தேர்ச்சி இல்லை, பூஞ்சை நஞ்சு உடலில் சேர்ந்திருக்கலாம் என்று முடிவு வந்தது. நஞ்சை வெளியேற்ற கொலஸ்டிரமைன் தூள் சாப்பிடலாம் என்றும் இருந்தது. தூளை வாங்கலாமா? வீட்டையே மாற்ற வேண்டுமா?
வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, தூளை வாங்க வேண்டாம். வீட்டை மாற்றுவது பற்றியும் இப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கணப்புச் சட்டியைப் படுக்கையறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இனி எந்தக் குளிரிலும் அது உள்ளே வரக்கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த வரிதான். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். விடியலில் தலைவலி, மந்தம், குமட்டல், வெளியே போனால் தெளிவு என்பது அதன் வழக்கமான போக்கு. நல்ல காற்றில் 4 முதல் 5 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் நீங்கள் மதியம் மருத்துவரிடம் போனால் ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். நோயாளியைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கணவருக்கும் காலையில் தலை வலிக்கிறதா? வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். குளிர் இரவில் கரிச்சட்டியோடு படுத்து, காலையில் எழாமலே போன குடும்பங்கள் உண்டு. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதையும் பாருங்கள். புகை வெளியேற வழியில்லாத இடத்தில் அதுவும் இதே வாயுவைத்தான் தரும்.

மகள் வீட்டில் தலை தெளிவதை வைத்து, பூஞ்சணத்தை விட்டு விலகியதால்தான் குணம் என்று உங்கள் மகன் முடிவு செய்திருப்பார். சேலத்து வீட்டில் பூஞ்சணம் மட்டுமா இல்லை? கணப்புச் சட்டியும்தானே இல்லை.

இனி அந்தக் கோடுகளுக்கு வருகிறேன். பரிசோதனை பொய்யானதல்ல. அது அளப்பது உண்மையான ஒன்றைத்தான். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்தில் இறங்கிய அனுபவம் உங்களுக்கு நிறைய இருக்கும். எதிரே வரும் பஸ் சிறியதல்ல, ஆனாலும் கண்ணுக்குப் பிடிபடாது. வெண்மையான மூட்டத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் வேறுபாடு மங்கிப்போவதே காரணம். அந்த மெல்லிய வேறுபாட்டைக் காணும் திறனை எழுத்துப் பலகையை வைத்து முழுமையாக அறிய முடியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுகிறவர், அந்தி வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு தெரியாமல் தடுமாறுவார்.

இத்திறனைக் கோடுகளால் அளக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கேம்பல், ராப்சன் என்ற ஆய்வாளர்கள் 1968-இல் ஆராய்ந்து விரிவாக எழுதினார்கள். பிறகு ஆர்தர் கின்ஸ்பர்க் என்பவர் அமெரிக்க விமானப்படைக்காக விமானிகளின் பார்வையை இப்படிச் சோதித்தார். நஞ்சோடு இது சேர்ந்த கதை 1997-இல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் போகோமோக் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தபோது தொடங்கியது. அங்கே குடும்ப மருத்துவராக இருந்த ரிச்சி ஷூமேக்கர், ஆற்றோடு தொடர்புடைய நோயாளிகளிடம் இத்திறன் குறைந்திருப்பதாகக் கண்டார். பின்னாளில் ஓதமேறிய கட்டடங்களில் வசிப்பவர்களிடமும் இதையே பயன்படுத்தி, ஒரு நோய்த்தொகுப்பையும் சிகிச்சை முறையையும் வகுத்தார். பொதுவான மருத்துவ உலகம் அதை நிறுவப்பட்ட நோயாக ஏற்கவில்லை. இணையத்தில் நீங்கள் செய்த பரிசோதனை அந்த வழியில் வந்ததுதான்.

கோடு தெரியாமல் போவது, நாய் குரைப்பதைப் போன்றது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். வந்தவர் யார் என்று அந்தக் குரைப்பு சொல்லாது. கண்புரை, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பு, பார்வை நரம்பு அழற்சி, பார்க்கின்சன் நோய், கண் வறட்சி, பொருந்தாத கண்ணாடி என்று எது வந்தாலும் குரைக்கும். இவற்றில் எதையும் விசாரிக்காமல் நேராகப் பூஞ்சைக்குப் போய்விடுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். தொடக்க நிலைப் புரையோடு இருக்கும் ஒருவர் மாதக்கணக்கில் தூள் குடித்துக்கொண்டிருந்தால் இழப்பது பணத்தை மட்டுமல்ல. சர்க்கரையால் விழித்திரை கெடத் தொடங்கியிருந்தால், அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

நீங்கள் அதைச் செய்த விதத்தையும் பாருங்கள். 51 வயதில் கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். போட்டிருந்தீர்களா என்று எழுதவில்லை. இவ்வகைச் சோதனைகளுக்குத் திரை சுமார் 45 செ.மீ. தூரத்தில் நேராக இருக்க வேண்டும். கண்ணாடி இல்லையென்றால் நெருக்கமான கோடுகள்தான் முதலில் கலைந்துபோகும். கைப்பேசி இரவில் தானாக ஒளியைக் குறைத்துக்கொள்கிறது, மஞ்சளாக்கிக்கொள்கிறது. பெரும்பாலான திரைகள் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகளைத்தான் காட்டும். நலமான கண் உணரக்கூடிய மிக மெல்லிய வேறுபாடு அதில் ஒரு படியைவிடவும் சிறியது. இப்படி எடுத்த மதிப்பெண்ணுக்காக ஒரு நாள் தூக்கத்தையும் இழக்க வேண்டாம்.

நஞ்சு கண்ணைத் தாக்குவதே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைப் பாதிக்கும். வெண்பனிக்குள் நிற்பது போல இருக்கிறது என்பார்கள். காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டாலும் சிலருக்கு அந்த நரம்பைத் தாக்குவதுண்டு. காபித் தோட்டத்தில் தெளிக்கும் மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை இருந்தால், அதற்கு கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உண்மையான நஞ்சுக்கு முகவரி உண்டு. எதைத் தொட்டீர்கள், எதைச் சுவாசித்தீர்கள் என்று கேட்டு அந்த முகவரிக்குப் போக வேண்டும்.

உங்கள் அசதியும் மறதியும் மதமதப்பும் என்னை வேறு பக்கம் இழுக்கின்றன. மெட்ஃபார்மினைப் பல ஆண்டு சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துவிடும். அது குறைந்தால் நீங்கள் எழுதிய மூன்றும் வரும். பார்வை நரம்பையும் அது வாட்டும். மதமதப்பு சர்க்கரையால் நேரடியாகவும் வரலாம். பி12, ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிசெய்யலாம்.

கொலஸ்டிரமைன் என்பது கொழுப்பைக் குறைப்பதற்கான மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். பிடிக்கும்போது மற்ற மாத்திரைகளையும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது தொல்லை. மலச்சிக்கலும் தரும்.

பூஞ்சணத்தை அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஓதமான வீடு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. துடைத்தால் மறுமழைக்கு மறுபடியும் வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஓடு நழுவியிருக்கும், கூரைநீர்க் குழாய் இலை அடைத்திருக்கும், அல்லது மேட்டுப்புறத்து மண் சுவரோடு அணைந்து கிடக்கும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குப் பளபளப்பான பெயிண்ட் அடித்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கண் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை எத்தனை ஆண்டாக இருக்கிறது என்று சொல்லி, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் தெரியவில்லை என்பதையும் சொல்லலாம். அவரிடம் அதைச் சரியாக அளக்கும் பலகை இருக்கலாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்டி மலையேற வேண்டாம், பஸ்ஸில் போங்கள். மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். தொலைவிலிருந்து அம்மாவின் உடம்பை நினைத்து அவர் தேடியிருக்கிறார்.

கணப்புச் சட்டியை வெளியே எடுத்து ஒரு வாரம் ஆன பிறகும் காலைத் தலைவலி நீடித்தால், மருத்துவரிடம் தலைவலிக்கென்றே தனியாகக் காட்டுங்கள். வாந்தியோடு தலைவலி, ஒரு பக்கம் கைகால் சோர்தல், ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மறைதல் என்று ஏதாவது வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அந்நேரமே மலையிறங்குங்கள்.