இறுகுவது வேறு, வலுவேறுவது வேறு

அன்புள்ள ஐயா,

வீடு கட்டுவோருக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘செட்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்து வாட்டுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இதற்கு 430 பொருளாமே, எப்படி நினைவில் வைப்பது? கான்கிரீட் ‘செட்’ ஆகும் வரை தொடாதே என்பதை ‘அமையும் வரை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? இத்தனை பொருள் தாங்கும் சொல் தமிழில் இல்லாதது குறையா?

க.

அன்புள்ள க.,

குறையா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். 430 என்பது 1989 பதிப்பின் கணக்கு. 2011-இல் ‘ரன்’ வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருளோடு அதை முந்திவிட்டது. இந்த எண்களால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ‘ஒரு செட் பாத்திரம்’ என்பதில் உள்ள செட், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த வேறொரு சொல். நீங்கள் திணறும் வினைச்சொல்லின் மூலப்பொருள் ‘உட்கார வை’ என்பதுதான்.

பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார் தொல்காப்பியர். அதைச் செய்யுங்கள். பக்கத்தில் தயிர் இருந்தால் உறைந்தது. மாமரம் இருந்தால் பிஞ்சு பிடித்தது. மோதிரத்தில் கல் பதித்தார்கள், எலிக்குப் பொறி வைத்தார்கள். எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். இவை இருக்க எங்கும் ‘அமை’யைப் போடுவது சோம்பல். கோபிக்காதீர்கள், உங்கள் உழைப்பு வீணாகக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

கான்கிரீட்டுக்கு வருவோம். கட்டுமானக் கையேடுகளில் இந்த இடம் கெடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் இருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. ‘செட்’ என்றால் இறுகுவது, குழைவு போய் உருவம் நிற்பது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. சோதனையில் 40 மி.மீ. உயர அச்சில் சிமென்ட் குழம்பை நிரப்பி, விகாட் கருவியின் ஊசியை இறக்குவார்கள். முதலில் அடிவரை போகும் ஊசி, பிறகு அடிக்கு 5 மி.மீ. மேலேயே நின்றுவிட்டால் இறுகத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் கலவையின் வலு போய்விடும்.

‘ஹார்டன்’ என்பது வலுவேறுவது. அது நாள்கணக்கில் நடக்கும், 28-ஆம் நாள் அழுத்திச் சோதித்துத்தான் வலுவைக் கணிக்கிறார்கள். இரண்டையும் ‘கெட்டியாகும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? மறுநாள் காலை தளத்தைத் தட்டிப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும். கையேட்டை நம்பி ஒருவர் தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுக் கம்பங்களைப் பிரித்தால் தளம் தொய்யும், விரிசல் விடும், இடிந்தும் விழும். தாங்கும் சுவர்களுக்கோ உத்தரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும்.

‘இறுகும் வரை’ என்று திருத்துங்கள். ‘ஹார்டன்’ வரும் இடமெல்லாம் ‘வலுவேறும்’ என்று போடுங்கள். முடித்ததும் ஒரு மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டி, எப்போது முட்டுப் பிரிக்கலாம் என்று கேளுங்கள். ‘செட் ஆயிடுச்சு, பிரிச்சிடலாம்’ என்று அவர் சொன்னால் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.