கல்யாண போட்டோவுக்கு 2,85,000 ரூபாய்: கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூருவில் ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு அல்சூரில். தை மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். மண்டபமும் சாப்பாடும் அப்பா பொறுப்பு. போட்டோ, வீடியோ என் பொறுப்பு. அதற்கு 1,50,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் விலை கேட்டேன். இன்ஸ்டாகிராமில் பிரபலமான ஒரு ஸ்டுடியோ 2,85,000 சொல்கிறது, ஆறு பேர் வருவார்களாம். இரண்டு நண்பர்கள் நடத்தும் சின்னக் குழு 1,40,000. அதில் ப்ரீ-வெட்டிங் ஷூட் 18,000, ட்ரோன் 12,000 அடக்கம். மூன்றாமவர் சிவாஜிநகரில் கடை வைத்திருக்கும் அப்பாவின் நண்பர். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் வருவார், 60,000 கேட்கிறார். எனக்கு ஸ்டுடியோ மேல்தான் ஆசை. குறைகிற 1,35,000-க்கு 14% வட்டியில் இரண்டு வருட பெர்சனல் லோன் கிடைக்கும். அவசரத்துக்கென்று 3 லட்சம் எஃப்டியும் இருக்கிறது. கடன் வாங்குவதா, எஃப்டியை உடைப்பதா?
— வாசகி, பெங்களூரு

பதில்: இரண்டும் வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஸ்டுடியோ கொட்டேஷனின் கடைசி வரியைப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருக்கிறது. போட்டோகிராபி சேவைக்கு 18%. அதாவது 51,300 ரூபாய். மொத்தம் 3,36,300 ஆகிறது. உங்களுக்குக் குறைவது 1,35,000 இல்லை, 1,86,300. இதை 14% வட்டியில் 24 மாதக் கடனாக வாங்கினால் இஎம்ஐ சுமார் 8,945 ரூபாய், வட்டி மட்டும் 28,000-க்கு மேல். வங்கி 2% பிராசசிங் கட்டணம் போட்டால், அதற்கான ஜிஎஸ்டியோடு இன்னும் 4,400 போகும். ஆக, 2,85,000 என்று நீங்கள் நினைத்த போட்டோ 3,69,000-த்தைத் தொடுகிறது. புது வாடகை, புது அட்வான்ஸ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று பணம் தண்ணீராய் ஓடும் முதல் இரண்டு வருடமும் இந்த இஎம்ஐ கூடவே வரும்.

எஃப்டி பக்கம் போகவே வேண்டாம். ஐடி வேலையில் இருப்பவருக்கு அந்த 3 லட்சம் எதற்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை போட்டோவுக்கு எடுத்தால் திரும்ப வைப்பது குதிரைக்கொம்பு.

இன்னொரு விஷயம். 'கேஷா கொடுத்தா ஜிஎஸ்டி வேண்டாம், பில்லும் வேண்டாம்' என்று ஸ்டுடியோவில் யாராவது காதோடு சொல்லலாம். ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அது அவர் தலைவலி. உங்கள் தலைவலி, பில் இல்லாவிட்டால் நாளைக்கு ஆல்பம் வராதபோது கையில் ஆதாரம் இல்லாமல் போவது. சின்னக் குழு ஜிஎஸ்டி போடவில்லை என்பதைச் சந்தேகப்பட வேண்டாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அவர்களிடம் சாதாரண ரசீது வாங்கினால் போதும். பணத்தை யுபிஐயிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள்.

சரி, ஆசை என்றீர்களே, அதற்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்தது ஒரு கல்யாணத்தில் எடுத்த மூவாயிரம் படத்தில் பொறுக்கிய பத்து. அதை எடுத்தவர்தான் உங்கள் மண்டபத்துக்கும் வருவாரா? பெரிய ஸ்டுடியோக்களில் ஒரே முகூர்த்த நாளில் இரண்டு மூன்று கல்யாணம் இருக்கும், தை மாதம் கேட்கவே வேண்டாம். வருகிறவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவரே எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தை, ரிசப்ஷன் முதல் கட்டுசாதம் வரை, வெட்டாமல் காட்டச் சொல்லுங்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கும் எல்இடி திரையும் முகத்தில் அடிக்கும்போது தோல் என்ன நிறத்தில் விழுந்திருக்கிறது, ஹோமப் புகையில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். இதே சோதனையைச் சின்னக் குழுவுக்கும் வையுங்கள்.

பெங்களூருவில் நம்மவர்கள் தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: தமிழ்க் கல்யாணம் எத்தனை எடுத்திருக்கிறீர்கள்? இங்கே நிறைய கேண்டிட் பையன்கள் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பவர்கள்) கன்னடக் கல்யாணத்தில் தேறியவர்கள். தாரை வார்க்கும் நேரத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நம் மேடையில் கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறக்கும், மாமா சித்தப்பா எல்லாரும் எழுந்து நின்று மறைப்பார்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டு, அடுத்த இரண்டை நாத்தனார் பின்னால் குனிந்து போடுவதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அது தெரியாதவர் அந்த நேரத்தில் கொலுசைக் குளோசப்பில் எடுத்துக்கொண்டிருப்பார். அழகான படம்தான். ஆனால் தாலி கட்டின படம் இருக்காது, திரும்பக் கட்டச் சொல்லவும் முடியாது.

அங்கேதான் அப்பாவின் நண்பர் வருகிறார். அவர் படங்கள் உங்களுக்குப் பழைய பாணியாகத் தெரியலாம். ஆனால் உங்கள் பெரியப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்பது வரை அவருக்குத் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். சின்னக் குழு சோதனையில் தேறினால், அவர்களிடம் ப்ரீ-வெட்டிங்கையும் ட்ரோனையும் எடுத்துவிடச் சொல்லி 1,10,000-க்குப் பேசுவேன். மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு ட்ரோன் எதற்கு? தவிர, பெங்களூருவில் எச்ஏஎல், எலஹங்கா என்று விமான ஓடுதளங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. ட்ரோன் பறக்க விதிகள் உண்டு, எல்லா இடத்திலும் நினைத்தபடி ஏற்ற முடியாது. பிறகு அப்பாவின் நண்பரை முகூர்த்தக் காலைக்கு மட்டும் கூப்பிடுவேன், ஆல்பம் இல்லாமல், சடங்குப் படங்களுக்கு மட்டும். 25,000-க்கு அவர் ஒத்துக்கொண்டால் மொத்தம் 1,35,000. மீதி 15,000 கூடுதல் மணி நேரம், ஆல்பத்தில் கூடுதல் ஷீட், விடியற்காலை அவர்களுக்கு டாக்ஸி என்று கட்டாயம் தேவைப்படும். இரண்டு அணி ஒரே மேடையில் நிற்பதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லி, சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விலையைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது தவணையை. பாதியை முன்பணமாகவும், மீதியில் பெரும்பங்கைக் கல்யாணத்தன்று மேடை இறங்கும் முன்பும் கேட்பார்கள். கடைசியில் உங்கள் கையில் 10% நிற்கும். அந்த 10%-க்காக யாரும் ஆல்பத்தை அவசரமாக முடிக்கப் போவதில்லை. அடுத்த முகூர்த்தக் கல்யாணங்கள் வரிசையில் வந்துவிடும், ஆடி பிறந்தாலும் 'டிசைன் நடக்குது மேடம்' என்பார்கள். 1,10,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: முன்பதிவுக்கு 22,000, ரிசப்ஷன் அன்று 44,000, எல்லாப் படமும் ஹார்ட் டிஸ்க்கில் கைக்கு வந்ததும் 22,000, ஆல்பமும் வீடியோவும் வந்ததும் 22,000. கல்யாணம் முடிந்த பிறகும் 40% உங்களிடம் இருக்கும். முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், பேசினால் 30%-க்காவது இறங்கி வருவார்கள். எதற்குமே இறங்காதவரை விட்டுவிடலாம். பதிலுக்கு நீங்களும் ஆல்பத்துக்கான படங்களை மாதக்கணக்கில் தேர்ந்தெடுக்காமல் இழுக்கக்கூடாது. பாதித் தாமதம் நம் பக்கம்தான் நடக்கிறது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். வருகிறவர் பெயர், ஆரம்பிக்கும் நேரம் (உங்களுக்குக் காலை 4.30), கூடுதல் மணிக்கு எவ்வளவு, ஷீட் கணக்கு, ஒப்படைக்கும் தேதி, அவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மாற்று ஆள் யார், நீங்கள் தேதியை மாற்றினால் முன்பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் வரட்டும். கேமராவில் இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்றும் கேளுங்கள். ஒரு கார்டு கெட்டுப்போனால் காப்பாற்றுவது அந்த இரண்டாவதுதான். அப்புறம், காப்பிரைட் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1957-ஆம் வருடச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் உரிமையாளர். 'உரிமை அனைத்தும் ஸ்டுடியோவுக்கே' என்று ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அது கைமாறிவிடும். அவர்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், அதற்கு ஏதாவது தள்ளுபடி கேட்டுப் பாருங்கள். சிலர் கொடுப்பார்கள்.

இவ்வளவும் செய்து ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான சேவைக்குப் புகார் கட்டணம் கிடையாது. கையில் ரசீதும் அந்த ஒரு பக்க ஒப்பந்தமும் இருக்க வேண்டும்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் அப்பாவை அழைத்துக்கொண்டு சிவாஜிநகர் கடைக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். தை முகூர்த்தத்துக்கு அவரும் வேறு எங்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம். அப்படியிருந்தால் அதே 25,000-க்கு, தமிழ்க் கல்யாணம் எடுத்துப் பழகிய ஒருவரைக் காலைக்கு மட்டும் அனுப்பச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.