கட்டிலுக்கு அடியில் ஒரு லேப்ரடார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

31 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டு ஓய்வு பெற்றவன் நான். அப்போது என் மேசைக்கு வந்த நாய்கள் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து உட்கார்ந்த பிறகு வாசற்படிக்கு வந்தவைதான் அதிகம். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை நாயைப் பற்றியவை. கோழி வளர்ப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் தெருமுனையில் ஒரு லேப்ரடார் பெட்டை நின்றது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மடி தொங்குகிறது, நகம் நீளமாக வளைந்திருக்கிறது, முழங்கையில் காய்ப்பு. ஆறு நாளாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நாங்கள் படுத்த பிறகுதான் சாப்பிடுகிறது. எங்களைப் பிடிக்கவில்லையா டாக்டர்?
– திண்டுக்கல்

அம்மா, முதலில் அது தொலைந்த நாயா, தொலைத்த நாயா என்று பாருங்கள். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவரும் நாய்கள் நிறைய. சொந்தக்காரர் எங்கேயாவது அழுதுகொண்டு தேடிக்கொண்டிருக்கலாம். படம் எடுத்து அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். ஆனால் ஒரே ஒரு அடையாளத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒரு தழும்போ, வாலில் ஒரு வெள்ளை முடியோ. "என் நாய்தான்" என்று வருகிறவர் அதைச் சொல்லட்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் மருத்துவரிடம் காட்டினால் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதிய மூன்று விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நடக்கிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். வளைந்து கிடந்தால் அது நடந்ததே இல்லை. முழங்கைக் காய்ப்பு சிமென்ட் தரை கொடுத்தது. தொங்கும் மடி, ஈற்றுக்குப் பின் ஈற்றாகக் குட்டி எடுத்த கணக்கு. விற்பனைக்குக் குட்டி எடுக்கும் ஏதோ ஒரு கொட்டகையில் அடைபட்டிருந்து, இனிமேல் பலன் இல்லை என்று இறக்கிவிடப்பட்ட நாயாக இருக்கலாம்.

அப்படியானால் கர்ப்பப்பையை உடனே பார்க்கச் சொல்லுங்கள். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, பின்பக்கம் நாற்றத்தோடு கசிவு உண்டா என்று கவனியுங்கள். இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கக்கூடும். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத சமாசாரம். ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை. ஒன்றுமில்லை என்றால், உடம்பு தேறிய பிறகு கருத்தடை ஆபரேஷன்.

இனி கட்டில் விஷயம். கைவிடப்பட்ட நாய்களை மீட்கிறவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். உங்களுடையது முதல் படியிலேயே மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். குனிந்து கூப்பிடாதீர்கள், கையை நீட்டாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே பிடித்து இழுத்துக் குளிப்பாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதையும் செய்யாதீர்கள். அதே நேரத்துக்கு, அதே தட்டில் சோறு. தட்டைத் தினமும் ஒரு சாண் வெளியே நகர்த்துங்கள். பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள். ராசிபலன்கூடப் போதும்.

எங்கள் வீட்டுச் செல்லியும் இதே போல ஒரு கொட்டகையிலிருந்து வந்தவள்தான். 19 நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். 20-வது நாள் காலையில் என் இடது செருப்பைக் காணோம். குனிந்து பார்த்தால், செருப்பைக் கடிக்கவில்லை, அதன்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எடுக்க மனசு வரவில்லை. அன்றைக்குப் பால் வாங்க என் மனைவியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பால்காரர் இன்னும் அதை விடவில்லை.

நாய்க்குத் தயிர்ச்சோறு போடலாமா?
– கும்பகோணம்

போடலாம். அது மட்டுமே போதாது. முட்டையோ வேகவைத்த கறியோ சேருங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது.

நானும் கணவரும் மகனோடு இருக்கச் சென்னைக்குக் குடிபோகிறோம். 11 வயதில் ஒரு பொமரேனியன் இருக்கிறது. அந்த அடுக்குமாடிச் சங்கத்தில் நாய் கூடாதாம். ஏதாவது காப்பகத்தில் விட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா?
– திருச்சி

உங்கள் நாய் பொமரேனியனாக இருக்க வாய்ப்புக் குறைவு. நாம் அப்படிக் கூப்பிடுவதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அது இருக்கட்டும்.

காப்பகங்கள் அடிபட்டதும் நோய்ப்பட்டதுமாக ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. 11 வருடம் உங்கள் சோபாவுக்கு அடியில் தூங்கிய கிழவி, குரைப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு கூண்டில் உட்கார்ந்தால் முதலில் செய்வது சாப்பாட்டை நிறுத்துவதுதான்.

வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. பெரும்பான்மை கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஆனால் அந்த வழிகாட்டுதல் தாளை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், கழிவை அள்ள ஒரு பை, இந்த மூன்றோடு போய்ச் செயலாளரிடம் மரியாதையாகப் பேசுங்கள். தாள் பையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சங்கம் கூடாது என்றதா, மருமகள் கூடாது என்றாரா? கடிதத்தில் "கூடாதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது என்று எழுதவில்லை. இரண்டாவது காரணம் என்றால் சொந்தத்துக்குள்ளேயே, நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு வீட்டைப் பாருங்கள். அது படுத்த பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

ராஜபாளையம் குட்டி வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிர் பிடித்த நாய், திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் அப்பா.
– கோவை

தம்பி, திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. குட்டி தூங்கும்போது பின்னால் போய், காற்றும் நிழலும் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையை மிதிக்காதீர்கள், அதிர்வில் எழுந்துவிடும். காதுகூட அசையவில்லை என்றால் அது திமிர் இல்லை, செவிடு.

ராஜபாளையத்துக்குப் பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்பார்கள். 2005-ல் தபால்தலையில்கூட அந்த அழகோடு வந்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் ஒரு சிக்கல் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்காதிலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். வெள்ளை வேண்டும், இன்னும் வெள்ளை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது நாம். குட்டியின் மேல் பழி போடாதீர்கள்.

செவிட்டு நாயை வளர்ப்பது பெரிய வித்தையும் இல்லை. உட்காரச் சொல்ல ஒரு கைச்சைகை, வரச் சொல்ல ஒன்று. இருட்டில் டார்ச்சை இருமுறை அடித்தால் சாப்பாடு. தூங்கும்போது உடம்பைத் தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடும். மூக்கருகே கையைக் காட்டினால் வாசனையில் விழித்துக்கொள்ளும். தெருவில் ஒருபோதும் கயிறில்லாமல் விடாதீர்கள். லாரி ஹாரன் அதற்குக் கேட்காது. குட்டி எடுக்க மட்டும் பயன்படுத்த வேண்டாம். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டு கேட்டில் யாரோ அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்கும் பெட்டை. இதற்குச் சட்டம் ஏதும் இல்லையா?
– தென்காசி

இருக்கிறது, சிரிக்காமல் கேளுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்றைக்கு ஒரு அரை பிரியாணிக்குக் காணாது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக வந்த சட்டம் அது. தொகையை மட்டும் யாரும் ஏற்றவே இல்லை.

நான்கும் பெட்டையாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஆண் குட்டிகளை யாராவது கேட்டு வாங்கியிருப்பார்கள். பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை ரத்தம், வாசலில் பத்து ஆண் நாய், அப்புறம் குட்டி என்று பயப்படுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே ஒரு ஆபரேஷனில் இந்த மூன்று பயமும் போய்விடும். நான்கு மணிக்கு நாயை விட்டுவிட்டு ஆறு மணிக்குத் திரும்பி வந்து கூட்டிப் போன ஆட்கள் எனக்குத் தெரியும். இந்த ஆபரேஷன் விஷயத்தை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் விட்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பக்கத்தில் தாய் அலைகிறதா என்று பாருங்கள். இருந்தால் எட்டு வாரம்வரை அதனிடமே இருக்கட்டும். இல்லாவிட்டால் நாய்க்குட்டிக்கான பால் பவுடர், பசும்பால் பேதியாக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குத் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய் ஊசி. கடிக்கிற குட்டியைச் சின்னதுதானே என்று அலட்சியப்படுத்தாதீர்கள். பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

தாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வெட்டி அதே தெருவில் விட வேண்டியது உள்ளாட்சியின் வேலை. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 அப்படிச் சொல்கின்றன. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் வேறு உத்தரவு போட்டிருக்கிறது: அங்கே பிடித்தால் அங்கே திரும்ப விடக்கூடாது. நகராட்சிக்கு எழுத்தில் மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் நம்மேல் வைப்பது பாசமா, சோற்றுக்காகவா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஈரோடு

என் பேரன்களைப் பற்றியும் இதே சந்தேகம் எனக்கு உண்டு.

ஜப்பானில் அஸாபு பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே வேலை செய்கிற அதே சுரப்பு. கையால் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி இன்னும் பழையது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த வீரனின் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறது. சுமார் 1,400 வருடத்துக்கு முன்னால் கல்லில் உளி வைத்தவன் ஆளின் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். நாயின் பெயரையும் கேட்டு வாங்கிப் பொறித்திருக்கிறான்.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் எந்த நாயையாவது விட்டுவிட்டு வந்ததுண்டா?
– விருதுநகர்

உண்டு. 1991. ஒரு கிராமத்து மருந்தகத்தில் நாலு வருடம் இருந்தேன். வராந்தாவில் மணி என்று ஒரு செவலை நாய். என் கையால்தான் சாப்பிடும். ஊசி போட மாட்டைக் கட்டினால் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாற்றல் வந்தது. போகிற ஊரில் பார்த்த வீடு மாடி, மனைவி ஏழு மாதக் கர்ப்பம், வீட்டுக்காரர் நாய் கூடாது என்றார். நான் இரண்டாவது வீடு பார்க்கவில்லை. திருச்சி அம்மாவிடம் மேலே அப்படிக் கேட்டதற்கு இதுதான் காரணம். சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மணி பாலம்வரை ஓடிவந்தது. டிரைவர் மெதுவாக்கினார். நான் போகச் சொன்னேன்.

கடைசிச் சம்பளச் சான்றில் ஏதோ தவறு, ஏழு மாதம் கழித்து அங்கே போக வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் மணி. என் பையை மோந்தது. வாலை இரண்டு தடவை ஆட்டியது. பிறகு போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. ஒரு பன் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டது. வாயில் கவ்வி எடுத்துப் போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் காலடியில் போட்டு, அங்கே உட்கார்ந்து தின்றது.