கடலே இல்லாத வேலூரில் கடல், புலம்பெயர்வு பற்றி ஒளி-ஒலிக் காட்சி வைத்தால் எடுபடுமா? எப்படிச் செய்வார்கள்?

தாராளமாக எடுபடும். கடல் தள்ளி இருந்தாலும் கடல் கடந்த கதைக்கு இங்கே பஞ்சமில்லை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816இல் கொழும்பிலிருந்து சென்னைக்குக் கப்பலில் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1832இல் இறந்தவரின் சமாதிதான் பாலாற்றங்கரை முத்து மண்டபம் (உள்ளூர்க்காரர்களே பலர் எட்டிப் பார்த்ததில்லை). அப்புறம் 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன முதல் கப்பல் 'ட்ரூரோ'. அதன் பின்னால் போன கப்பல்களில் வேலூர் அடங்கிய அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்ட ஆட்கள் நிறைய.

செய்முறை என்றால், கோட்டைச் சுவரை அளந்து கணினியில் மாதிரி உருவாக்கி, கொத்தளத்தின் வளைவுக்கு ஏற்றபடி படத்தையும் வளைத்துப் பாய்ச்சுவார்கள். கருங்கல் வெளிச்சத்தைக் குடித்துவிடும், கல்யாண மண்டப ப்ரொஜெக்டர் எல்லாம் தாங்காது.

என்னைக் கேட்டால் ஒலிதான் பெரிய தலைவலி. அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கருக்குப் பத்தில் ஒரு நொடி தாமதம் கொடுக்காவிட்டால் ஒரே அலை இரண்டு தடவை அடிப்பதுபோலக் கேட்கும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது, எல்லாமே தனிச் சாரத்தில்தான் நிற்க வேண்டும்.