இசைக்கூடம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பிரிட்டனின் டென்சிசி (10cc) குழுவின் ‘ஐம் நொட் இன் லவ்’ பாட்டில் பின்னால் புகைபோலப் பரவும் குரல்களை வீட்டுக் கணினியில் செய்ய முடியுமா? என் குரலை ஒருமுறை பதிந்து 16 கொப்பி எடுத்து அடுக்கினேன். சத்தம் கூடியதே தவிர கூட்டமாகக் கேட்கவில்லை. - எஸ்.ஆர்., வெள்ளவத்தை

பதில்: கொப்பி எடுத்தால் அப்படித்தான். ஒரே அலை அச்சொட்டாக ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். 24 டெசிபெல் ஏறும், வேறொன்றும் நடக்காது. தனித்தனியே 16 தடவை பாடினால் 12 டெசிபெல் அளவுதான் ஏறும். ஆனால் தடவைக்குத் தடவை சுருதி மயிரிழை விலகும். கூட்டம் பிறப்பது அந்த விலகலில்.

இங்கிலாந்தின் ஸ்டொக்போர்ட்டில், ஸ்ட்ரோபெரி ஸ்டூடியோவில், அந்தக் குழுவின் மூன்று பேர் சேர்ந்து ஒரே சுரத்தை 16 தடவை பாடினார்கள், 48 குரல். சுரம் சுரமாக இப்படிப் பதிந்து, ஒவ்வொன்றையும் முனைகளை ஒட்டி ஓயாமல் சுற்றும் நாடா வளையமாக்கி, மிக்ஸரில் சுரத்துக்கு ஒரு ஃபேடர் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவுபிடி) கொடுத்தார்கள். ஃபேடரை ஏற்றி இறக்குவதுதான் வாசிப்பு. எந்த ஃபேடரும் முழுக்க மூடாதபடி அடியில் ஒட்டுநாடா வேறு. அதனால் எல்லாச் சுரமும் எந்நேரமும் மெல்லக் கசிந்தபடி இருக்கும். நீங்கள் சொல்லும் புகை அதுதான். இதை விட்டுவிட்டு ரிவேர்பை (செயற்கை எதிரொலியை) அள்ளிக் கொட்டுபவர்களே அதிகம்.

வீட்டில் 12 சுரம், சுரத்துக்கு 16 தடவை, தடவைக்கு 10 செக்கன்: பாடும் நேரம் மட்டும் 32 நிமிடம். இரண்டு இரவாகப் பிரிக்கலாம். ஒரு சுரத்தைப் பாதியில் விட்டு எழும்பக்கூடாது, மறுநாள் குரலின் நிறம் மாறிவிடும். ‘ஆ’ மட்டும், அசைவில்லாமல். (சங்கீதம் படித்தவர்களுக்குக் கமகத்தை அடக்குவதே பெரும்பாடு.) மைக்கிலிருந்து 30 சென்ரிமீற்றர், ஒவ்வொரு பதிவின் உச்சமும் கணினி மீற்றரில் (அதில் 0தான் எல்லை) −18 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம். வியர்த்தாலும் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். 12 ஃபேடரையும் திறந்தால் 192 பதிவின் இரைச்சலும் சேர்ந்து 23 டெசிபெல்வரை ஏறும்.

கேள்வி: குரல் வளையம் திரும்பும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்கிறதே? - கே., கொட்டாஞ்சேனை

பதில்: இரு முனைகளிலும் அலையின் உயரம் பொருந்தவில்லை. பாடத் தொடங்கும் 1 செக்கனையும் மூச்சு இறங்கும் கடைசி 1 செக்கனையும் வெட்டி எறியுங்கள். மீதியின் முனைகளை 300 மில்லிசெக்கன் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றது எழும் கலப்பு) போடுங்கள். ‘ஈக்குவல் பவர்’ வகை நல்லது, நேர்கோட்டு வகையில் நடுவே 3 டெசிபெல் பள்ளம் விழும். வளையங்களின் நீளமும் 7.1, 7.4, 7.6 செக்கன் என்று வேறுவேறாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி, மூச்சு வாங்குவதுபோலக் கேட்கும்.

கேள்வி: சோதனை இசை விற்காது என்கிறான் நண்பன். அப்படியானால் ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’ அல்பம் எப்படி முதலிடம் பிடித்தது? - எம்.எஃப்., தெஹிவளை

பதில்: 2000 ஒக்டோபரில், சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) எதுவும் விடாமலே, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நேராக முதலிடம். முதல் வார இடத்தைப் பெரும்பாலும் வாங்கித் தருவது முந்தைய அல்பம். இவர்களுக்கு அது 1997இன் ‘ஓகே கம்பியூட்டர்’. டென்சிசியின் வழி வேறு. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டோடு தொடங்கும் அவர்களது 1975 அல்பத்தைத் தூக்கி நிறுத்தியது மேலே சொன்ன ஒற்றைப் பாட்டு. பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம். 2014 டிசெம்பரில் அமெரிக்க அல்பப் பட்டியலான பில்போர்ட் 200 ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் எடுத்தபோது, அல்பத்தின் பாட்டுகள் 1,500 தடவை ஓடினால் ஓர் அல்பம் விற்றதாக வைத்தார்கள். அந்த 1,500உம் ஒரே பாட்டாக இருந்தாலும் கணக்குத்தான்.